டப்பாவில் வந்த ஒட்டகம்

நைனா முகமது வீட்டில் வளைகுடாப் பெட்டி பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. வந்தவன் குளித்து, தொழுது, சாப்பிட்டு முடிக்கிறவரை பெட்டியை யாரும் தொடக்கூடாது. பிறகு வீட்டுப் பெரியவர் கத்தியால் கயிற்றை அறுப்பார். கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விடுவார். முதலில் கையில் சிக்குவது அவருக்கு.

நைனா முகமது கண்ணை மூடினார். கையை விட்டார். எடுத்தார்.

மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய டப்பா.

பெட்டியோடு வந்திறங்கிய மருமகன் அத்னான் பாதி டீயைக் கீழே வைத்தான். அந்த டப்பாவை அவன் பெட்டியின் அடியில், போர்வைகளுக்கும் கீழே புதைத்து வைத்திருந்தான். வழியில் பெட்டியைக் குடைந்து பார்த்த யாரோ ஒரு புண்ணியவான், அடியில் இருந்ததை மேலே போட்டு மூடிவிட்டான்.

டப்பாவின் மேல் பெரிதாக ஒட்டகப் படம். அதைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வீட்டுச் சுவர்க்கடிகாரத்தில் ஒட்டகம், சாக்லேட் தாளில் ஒட்டகம், சாவிக்கொத்தில் ஒட்டகம். லப்பைக்குடிக்காட்டில் வந்து இறங்குகிற சாமானில் ஒட்டகம் இல்லாவிட்டால்தான் அது எந்த ஊர்ச் சரக்கு என்று சந்தேகம் வரும். மாமியார் ஜைனம்பு டப்பாவை வாங்கி, அரபி எழுத்துகளை ஓதுகிற ராகத்தில் பிழையில்லாமல் வாசித்தாள். வாசிக்கத்தான் தெரியும். அர்த்தம் அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஒருவனைத் தவிர.

"ஒங்க கிளப்புல பிளேயருங்க சாப்புடுற பவுடரு இதானே மாப்ள?" என்றார் நைனா முகமது.

"ஆமா மாமா," என்றான் அத்னான்.

அதில் பொய் ஏதும் இல்லை. அதுதான் அவனுடைய தொல்லையே.

மூன்று வருஷத்துக்கு முன் நைனா முகமதின் மகள் ஆஃப்ராவைப் பெண் கேட்டு வந்தபோது, மாப்பிள்ளைக்கு அரபு நாட்டில் ஸ்போர்ட்ஸ் கிளப்பில் வேலை என்று தரகர் சொன்னார். கிளப் என்பது நிஜம். ஸ்போர்ட்ஸ் என்பதும் நிஜம். ஓடுகிறவர்களுக்கு எத்தனை கால் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பந்தய ஒட்டகங்களுக்குத் தீனி வைத்து, குளிப்பாட்டி, கால் பிடித்துவிடுகிற வேலையை நைனா முகமது ஊரெல்லாம் 'கோச்' என்று பரப்பிவிட்டார். அத்னான் மறுத்துச் சொல்ல வாயெடுத்தபோது கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது.

அன்றிலிருந்து வீடியோ காலில் அவன் வெள்ளைச் சுவரை விட்டு நகர்ந்ததில்லை. பின்னால் ஒட்டகம் ஒன்று உறுமினால், ஜிம்மில் யாரோ கனம் தூக்குகிறார் என்று சொல்லிவிடுவான்.

சொல்லித் தொலைத்துவிடலாம்தான். ஆனால் நைனா முகமதுக்குப் பொய் என்றால் ஆகாது. ஒரே ஒரு பொய்க்காகக் கூடப்பிறந்த தம்பியோடு பேச்சை நிறுத்தியவர். ஒரே தெருவில் குடியிருந்தும் பெருநாளைக்குக்கூட ஸலாம் இல்லை. விஷயம் தெரிந்தால் மருமகனுக்கும் அதே கதிதான். அந்த வீட்டுக் கூடத்தில் அவனுக்கு மறுபடி டீ கிடையாது.

டப்பா வந்த கதைக்கும் மாமனார்தான் காரணம். அரியலூரில் அவர் வைத்திருக்கும் ஃபாரின் சாமான் கடைக்கு ரெட்டிபாளையம் அறிவழகன் அடிக்கடி வருவான். சிமென்ட் ஆலையில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிறவன். விடிந்தால் சுண்ணாம்புக்கல் லாரிகளோடு போட்டி போட்டு ஓடுகிறவன். உடையார்பாளையத்தில் தொடங்கி கங்கைகொண்ட சோழபுரத்தில் முடிகிற இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்தில், போன வருஷம் கடைசித் திருப்பத்தில் முதலிடத்தைக் கோட்டைவிட்டான். ஜெயித்தவன் பெரம்பலூரில் ஜிம் நடத்தும் ரஞ்சித்குமார்.

"அவன் ஓடயிலயே ஜெல்லு பிதுக்கி நக்குறான் பாய். ஓடறதுக்கு முன்னாடி பீட்ரூட்டு ஜூஸு. நடுவுல என்னமோ மாத்தர. நான் ரெண்டு இட்லியத் தின்னுட்டு ஓடறேன். எப்புடி பாய் ஜெயிப்பேன்?"

நைனா முகமது உடனே போனைப் போட்டார். பந்தயத்துக்கு முன்னால் உங்கள் ஆட்கள் எதைச் சாப்பிடுவார்களோ அதில் ஒரு டப்பா கொண்டு வா என்றார். அத்னானும் கடையில் மனுஷர் சாப்பிடுகிற பவுடர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தான். லீவு திடீரென்று கிடைத்தது. கிளம்புகிற அவசரத்தில் கொட்டகை அலமாரியில் இருந்த புது டப்பாவைப் பெட்டியில் திணித்தான். ஊர் போனதும் அதைக் கொட்டிவிட்டுக் குளுக்கோஸ் நிரப்பிக்கொள்வது என்பது திட்டம்.

திட்டம் இப்போது மாமனாரின் பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. சாவி அவர் இடுப்பில், பச்சை பெல்ட்டுக்குள்.

"ஓட்டத்தன்னிக்கு என் கையாலதான் கலக்கிக் குடுப்பேன்," என்று சொல்லிவிட்டார்.

அத்னானுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. கொட்டகையில் கூட வேலை பார்த்த சூடான்காரன். விளையாட்டாக அந்தப் பவுடரில் ஒரு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு, இரண்டு நாள் கக்கூஸை விட்டு வெளியே வரவில்லை. அவனுக்குச் சாப்பாடுகூடக் கதவிடுக்கு வழியாகத்தான் போனது.

*

பயிற்சி மறுநாளே தொடங்கியது. கோச் வந்துவிட்டாரே, சும்மா விடுவார்களா.

மனுஷனை எப்படிப் பழக்குவது என்று அத்னானுக்குத் தெரியாது. தெரிந்ததைச் செய்தான். கிழக்கு வெளுக்கும் நேரத்தில் அறிவழகனை முந்திரிக்காட்டு வண்டிப்பாதையில் நீண்ட தூரம் நடக்கவிட்டான். பிறகு மெதுவாக ஓடவிட்டான். ஓடி முடித்ததும் தடித்த கம்பளியைப் போர்த்தி வியர்வையை உள்ளேயே ஆறவைத்தான். கழுத்துத் தோலைக் கிள்ளி இழுத்து, அது எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்த்தான். உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்த்தான். பேரீச்சம்பழமும் தேனும் பாலும் கொடுத்தான். ஓட்டத்துக்கு முந்தின நாள் வயிற்றைக் காலியாக வைக்கப் பழக்கினான். வெதுவெதுப்பான எண்ணெயில் முழங்காலை நீவிவிட்டு, நாக்கை மேலண்ணத்தில் தட்டிச் சொடுக்கு போட்டான்.

ஆச்சரியம், அந்தச் சொடுக்குக்கு அறிவழகனின் கால் தானாக வேகம் பிடித்தது.

"ஃபாரின் டெக்னிக்குன்னா இதான்டா," என்று அவன் ஆலையில் எல்லோரிடமும் சொன்னான்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒட்டகப் பந்தயத்தில் ஒட்டகத்தின் முதுகில் சின்னக் கருவி ஒன்று கட்டியிருப்பார்கள். முதலாளி பக்கத்திலேயே காரில் போய்க்கொண்டு மைக்கில் கத்துவார். ஒட்டகத்துக்கு அவர் குரல் கேட்கும். அத்னான் அறிவழகனின் இடுப்பில் அவன் போனைக் கட்டி, காதில் ப்ளூடூத்தை மாட்டி, கால் போட்டுக்கொண்டான். தன் சட்டைப்பையில் போனை வைத்துக்கொண்டு டிவிஎஸ் ஃபிப்டியில் பின்னாலேயே போனான். ஒட்டகத்தை விரட்டுகிற அதே ஹட், ஹட்டை அவன் சொல்லச் சொல்ல, காதுக்குள் அது விழுந்து அறிவழகன் பறந்தான்.

அறிவழகன் இருக்கட்டும். அதே நாட்களில் இன்னொருவரும் வேகம் பிடித்திருந்தார். நைனா முகமது.

முழங்கால் வலி என்று சுவரைப் பிடித்து எழுகிறவர், பாங்கு சொல்வதற்கு முன்பே விறுவிறுவென்று பள்ளிவாசலுக்குப் போனார். ராத்திரியில் தூக்கம் வராமல் கூடத்தில் நடந்தார். கேட்டால், எல்லாம் அல்லாஹ் கொடுத்த தெம்பு என்றார். ஜைனம்புக்கு வேறு கவலை. ஆஸ்பத்திரியில் பார்த்ததில் அவருக்குச் சுகர் ஏறியிருந்தது. அல்வாவை எங்கே ஒளித்து வைத்துத் தின்கிறார் என்று அவள் கடை வரைக்கும் ஆள் விட்டுத் தேடினாள். கிடைக்கவில்லை.

ஓட்டத்துக்கு முதல் நாள் அத்னான் அறிவழகனைத் தனியாகப் பிடித்தான். பவுடரே வேண்டாம், பேரீச்சம்பழம் போதும் என்று சொல்லிப் பார்த்தான். அறிவழகன் முகம் சுருங்கிப்போனது. கோச் கடைசி நேரத்தில் பதுக்குகிறார் என்று நினைத்தவன், நேராகப் போய் நைனா முகமதிடம் முறையிட்டுவிட்டான்.

"மாப்ள வெளையாடுறாரு. ரெண்டு ஸ்பூனுக்கு மூணு ஸ்பூனா போடறேன், போ," என்றார் அவர்.

*

உடையார்பாளையம். விடியற்காலை. நெஞ்சில் எண் குத்திய கூட்டம்.

குளுக்கோஸ் பொட்டலம் அத்னானின் பையில் தயாராக இருந்தது. கலக்குகிற நேரத்தில் பாட்டிலை மாற்றிவிட வேண்டும். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஓடி வந்தான். அதற்குள் அறிவழகன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நைனா முகமது, மஞ்சள் டப்பாவும் வெறும் பாட்டிலுமாகப் புன்னகைத்தார்.

"சூப்பரா இருக்கு பாய். லேசா காப்பி வாசம் வருது," என்றான் அறிவழகன்.

அத்னானின் காதில் வாசம் கீசம் எதுவும் ஏறவில்லை. சூடான்காரனின் முனகல்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

விசில் ஊதினார்கள். கூட்டம் கிளம்பியது. இவனும் கிளம்ப வண்டியை உதைத்தால், பின்சீட்டில் மாமனார் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"போ மாப்ள. நீ கோச்சு பண்றத நானும் பாக்கணும்."

இனி வாயைத் திறக்க வழியில்லை. சட்டைப்பையில் போன் இணைப்பில் இருக்கிறது. 'நிறுத்திடு, அது ஒட்டகப் பவுடர்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அறிவழகன் பிழைத்துக்கொள்வான். பின்சீட்டில் இருப்பவரிடம் இவன் பிழைக்க முடியாது.

முன்னால் ரஞ்சித்குமார் அளந்து வைத்ததுபோல் ஓடினான். கையில் ஜெல், இடுப்பில் குட்டிக் குட்டி பாட்டில்கள், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. பத்தடி பின்னால் அறிவழகன். முந்திரிக்காடு இரண்டு பக்கமும் நகர்ந்தது. அத்னான் ஹட் சொல்ல மறந்தான். அறிவழகனின் முதுகை மட்டும் பார்த்தான். இப்போது விழுவானா, இப்போது உட்காருவானா.

"என்ன மாப்ள, சொடுக்கு போடலயா?"

போட்டான். நாக்கு உலர்ந்து சத்தமே எழவில்லை.

ஜெயங்கொண்டம் தாண்டியது. வெயில் ஏறியது. ஒரு திருப்பத்தில் அறிவழகன் வலது கையை விலாவில் வைத்து அழுத்தினான். ஓட்டம் தளர்ந்தது. ரஞ்சித்குமார் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னும் முன்னால் போனான்.

அத்னான் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினான்.

ஒரு நொடியில் எல்லாம் கண்முன் வந்து போனது. ஆஃப்ரா, கூடம், டீ, பேசாமல் போகிற மாமனார். அதெல்லாம் கிடக்கட்டும், அந்தப் பையன் என்னை நம்பிக் குடித்தான் என்று நினைத்தான். பிறகு திரும்பி, மாமனாரின் முகத்தைப் பார்த்தே சொன்னான்.

"மாமா, அது மனுசன் சாப்புடுற பவுடரு இல்ல. ஒட்டகத்துக்குக் குடுக்குறது. நான் கோச்சு இல்ல மாமா. ஒட்டகம் மேய்க்கிறேன். அதுல ஒரு ஸ்பூனு தின்னவன் ரெண்டு நாளு கக்கூஸ வுட்டு வரல."

இரண்டு விஷயங்கள் நடந்தன.

முதலாவது, தொலைவில். சட்டைப்பையில் போன் இணைப்பில் இருந்ததை அத்னான் மறந்திருந்தான். அத்தனையும் அறிவழகனின் காதுக்குள் சுத்தமாக இறங்கியது. அவன் ஒரு கணம் அப்படியே நின்றான். வயிற்றைத் தொட்டுப் பார்த்தான். அதுவரை விலாவில் இருந்த சாதாரணப் பிடிப்பு, ஒட்டகம் என்ற சொல்லைக் கேட்டதும் கடகடவென்று கீழே இறங்குவதுபோல் இருந்தது. இரண்டு பக்கமும் பார்த்தான். ரோடு நெடுக ஜனங்கள் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள். காட்டுக்குள் ஒதுங்க வழியில்லை. கக்கூஸ் என்று ஒன்று இருப்பது கோயில் பக்கத்தில், ஓட்டம் முடிகிற இடத்தில்.

அறிவழகன் கிளம்பினான். அப்படி ஒரு வேகத்தை அந்த ரோட்டில் டவுன் பஸ்கூடக் காட்டியதில்லை.

இரண்டாவது, பக்கத்தில். நைனா முகமது வண்டியிலிருந்து மெதுவாக இறங்கினார். மதகுக் கட்டையில் போய் உட்கார்ந்தார். அத்னான் தலையைக் குனிந்து இடிக்காகக் காத்திருந்தான். இடி விழவில்லை. சன்னமாக ஒரு கேள்விதான் வந்தது.

"எத்தன நாள்ல தெரியும்?"

"என்ன மாமா?"

"அந்தக் கக்கூஸ் சமாச்சாரம்."

"உடனேயே மாமா. ஒரு மணி நேரத்துல."

மாமனார் யோசித்தார். முழங்காலைத் தடவினார். பிறகு கையை வளைத்து, யாரும் பார்க்காத மாதிரி, முதுகின் நடுவில் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வேற ஏதாச்சும் செய்யுமா? முதுகுல கிதுகுல எதுனா வருமா?"

அத்னானுக்கு அப்போதுதான் உறைத்தது. பாங்குக்கு முந்தின நடை. தூக்கம் வராத ராத்திரிகள். அல்லாஹ் கொடுத்த தெம்பு.

"மாமா, நீங்க..."

"தெனம் ஒரு ஸ்பூனு. பால்ல." நைனா முகமது ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். "முட்டி வலி சுத்தமா போயிருச்சு மாப்ள. ஒன் மாமியாட்ட அல்லாஹ் குடுத்ததுன்னுட்டேன். பள்ளிவாசல்லயும் அதத்தான் சொன்னேன்."

காற்று அடித்து முந்திரி இலைகள் சலசலத்தன. பொய்யைச் சகிக்காத மனிதர் தொண்டையைக் கனைத்தார். எழுந்து கைலியை உதறினார்.

"நீ கோச்சுதான். எம் மருமவன் கோச்சு. நான் எதையும் சாப்புடல. வெளங்குச்சா?"

"வெளங்குச்சு மாமா."

"அப்ப வண்டிய எடு. அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு பாப்போம்."

*

கங்கைகொண்ட சோழபுரம். ரிப்பனைப் பிடித்துக்கொண்டு விழாக்குழுவினர் நின்றார்கள். பெரிய மாலை தயாராக இருந்தது.

ரஞ்சித்குமார் கடைசி ஜெல்லைப் பிதுக்கி நாக்கில் வைக்கிற நேரம், அவனை ஒட்டி ஏதோ கடந்து போனது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான். அறிவழகனின் முதுகு, அது ஏற்கெனவே சின்னதாகிக்கொண்டிருந்தது.

ரிப்பன் அறுந்தது. அறிவழகன் நிற்கவில்லை. நெஞ்சில் ரிப்பன் பறக்க, மாலையை நீட்டிய தலைவரைச் சுற்றிக்கொண்டு, போட்டோ எடுத்தவரைத் தள்ளிக்கொண்டு, நேராகக் கட்டணக் கழிப்பறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டான். மாலையோடு ஒரு கூட்டம் வெளியே நின்றது. ஜெயித்தவன் இறைவனை வணங்கப் போயிருப்பதாக மைக்கில் அறிவித்தார்கள்.

அத்னானும் மாமனாரும் வந்து சேர்ந்தபோதும் கதவு திறக்கவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் தாழ்ப்பாள் விலகியது. அறிவழகன் குழம்பிய முகத்தோடு வெளியே வந்தான்.

"ஒண்ணுமே வரல பாய்," என்று அத்னானின் காதில் சொன்னான். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "ஒட்டகமோ கழுதையோ, அடுத்த வருசமும் அதே பவுடருதான். வெளிய சொல்லிராதீங்க. ரஞ்சித்து வாங்கிருவான்."

ரகசியம் காக்க ஆள் மூன்றானது.

*

அன்று மத்தியானம் பிரியாணிக்குப் பிறகு வீடே கண்ணயர்ந்திருந்தது. லீவு முடிந்து திரும்பிப் போவதற்காக அறைக்குள் அத்னான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். ஆஃப்ரா ஒரு சில்வர் தூக்கைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். மூடியைத் திறந்தான். பச்சைப் பவுடர். அவனுக்கு நன்றாகத் தெரிந்த வைக்கோல் வாசம்.

"நீங்க வந்த அன்னிக்கே அம்மாட்ட இருக்குற மாத்துச் சாவியப் போட்டு எடுத்துட்டேன். டப்பாவுல நான் போட்டது பேரீச்சம்பழத்தூளு, சீனி, கொஞ்சம் உப்பு, ஒரு பாக்கெட்டு காப்பித்தூளு. ஓடறவங்களுக்கு அதான் நல்லதுன்னு போன்ல பாத்தேன்."

அத்னான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். "ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"மொத லீவுல வந்தப்பவே தெரியும். ஒங்க சட்டக் காலர்ல நீளமா ஒரு முடி. செம்பட்டையா. எவளோ ஒருத்தின்னு நெனச்சு மூணு நாளு எனக்குச் சோறு எறங்கல. அப்புறம் மோந்து பாத்தேன்."

அவன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவளைப் பார்த்தான். மூன்று வருஷமாக அந்த வெள்ளைச் சுவரை எதிரே உட்கார்ந்து பார்த்தவள் அவள்.

"ஏன் கேக்கல?"

"ஜிம்ல கனம் தூக்குறாங்கன்னு நீங்க சொல்ற அழகுக்காகத்தான்." ஆஃப்ரா தூக்கை மூடினாள். "அந்த முடிக்காரிக்குப் பேரு என்ன?"

"சம்ஹா," என்றான். சொல்லும்போதே அவன் முகம் மலர்ந்துவிட்டது. "ஓடுனான்னா மணலு எழும்பாது ஆஃப்ரா. அப்புடி ஓடுவா."

"அவ காலுக்கு எண்ண போட்டு நீவி வுடுறீங்க. எங்காலு ரெண்டும் ஒங்க கண்ணுல பட்டதே இல்ல, என்ன?"

எண்ணெய்க் கிண்ணத்தை அவளே கையோடு கொண்டுவந்திருந்தாள்.

அப்போது கூடத்தில் பீரோக் கதவு கிரீச்சிட்டது. யாரோ மெல்ல மெல்ல அதைத் திறந்தார்கள். டப்பா மூடி கழன்றது. டம்ளரில் ஸ்பூன் சுற்றும் சத்தம் கேட்டது.

அத்னான் மனைவியைப் பார்த்தான். அவள் கண்கள் விரிந்தன.

"அத்தாவா? அப்ப சுகர் ஏறுனது?"

"அந்தச் சீனிதான்."

"ஒட்டகப் பவுடருன்னு அவருக்கு..."

"காலையில நானே சொல்லிட்டேன்."

"தெரிஞ்சுமா குடிக்கிறாரு?"

ஸ்பூன் நின்றது. டம்ளர் காலியாகிற ஓசைக்குப் பின், வயதானவரின் திருப்தியான ஏப்பம் ஒன்று கூடத்திலிருந்து வந்தது. ஆஃப்ரா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"நாளைக்குச் சீனிய எடுத்துட்டுக் கடலமாவு போட்டுடறேன்," என்றாள், மூச்சு வந்த பிறகு. "ஒட்டகம் மட்டும் அப்புடியே இருக்கட்டும்."